சிவப்பு நூல் கட்டிய ஒயர்

பாவாடை என்ற பெயரை அந்தோணியம்மாள் முதன்முதலில் கேட்டது ஒரு சாவு வீட்டில். அவளுடைய பெரியப்பா மகளுக்கு மாமியார் தவறிப்போயிருந்தாள். மரக்காணத்தில் வீடு, வாசலில் பந்தல், பந்தலில் மைக். செபம் சொல்லிக்கொண்டிருந்த மைக் கொர்ரென்று இருமிவிட்டு நின்றுபோனது.

"யாராவது போயி பாவாடைய இட்டுக்கினு வாங்கப்பா" என்று ஒருவர் கத்தினார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அவன் வந்தா சரியாயிடும். ஆனா ஊட்டுப் பொருள் மேல ஒரு கண்ணு வெச்சிக்கணும்" என்றாள்.

ஏன் என்று அந்தோணியம்மாள் கேட்கவில்லை, கிழவியும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டே அவள் மனசுக்குள் போய் உட்கார்ந்தது. பிறகு பிரிக்கவே முடியவில்லை.

பாவாடை உப்பளத்துப் பிள்ளை. அவன் அம்மா திரௌபதிக்குப் பிள்ளை தங்காமல் போய், அங்காளம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு பாவாடைராயன் பெயரை வைத்தாள். நடக்கக் கற்றதே பாத்தி வரப்பில்தான் என்பார்கள். வெள்ளைவெளேரென்ற உப்பில் வெயில் அடித்து அடித்து, நாற்பது வயசுக்குள் அவன் கண்ணில் எந்நேரமும் நீர் கோத்துக்கொண்டது. இனிமேல் பாத்தியில் இறங்கினால் பார்வை நிற்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மழை மாதங்களில் உப்பு வேலை இல்லாதபோதெல்லாம் அவன் பஜாரில் இருந்த ரேடியோ ரிப்பேர்க் கடையில் போய்க் குந்திக் கற்றுக்கொண்டது அப்போது கை கொடுத்தது. வீடு வீடாகப் போய் டிவி, ஆம்ப்ளிபையர், பாட்டுப் பெட்டி மாட்டிக் கொடுக்க ஆரம்பித்தான். அந்த வேலையைத் தவிர அவனுக்கு வேறு போக்கு இல்லை.

ஆள் அப்படியொன்றும் மனசுக்குப் பிடித்த ஆளும் இல்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல மாட்டான். வேலை முடிந்ததும் கீழே கிடக்கும் ஒயர்த் துண்டு, திருகாணி எல்லாவற்றையும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். யாருடையது என்று கேட்கிற வழக்கமே கிடையாது. வீட்டுக்காரர்களின் ஸ்க்ரூடிரைவர்கூட சில நாள் அந்தப் பையோடு போய், மறுநாள் திரும்பி வரும்.

அந்தோணியம்மாளின் மகன் விக்டர் குவைத்திலிருந்து லீவில் வந்தபோது ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிபையரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் கொண்டுவந்தான். அப்பா மரியதாஸ் உப்பு லாரி ஓட்டிக் களைத்துப்போய் வீட்டோடு இருக்கிறவர். அவர் பாட்டுக் கேட்கட்டும் என்று. பிரிப்பதற்குள் லீவு முடிந்தது. "அட்டைப் பொட்டிய மட்டும் தூக்கிப் போட்டுடாதம்மா. ரிப்பேர்னா அதுல வெச்சித்தான் அனுப்பணும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

மாட்டுவதற்கு ஆள் யார் என்று விசாரித்தால் எல்லோர் வாயிலும் ஒரே பெயர் வந்தது. அந்தோணியம்மாளுக்கு மனமில்லை. மரியதாஸ்தான் கூப்பிட்டு அனுப்பினார்.

பாவாடை வந்த அன்று அவள் அடுப்படியை விட்டு நகராமல், ஆனால் கதவிடுக்கை விட்டுக் கண்ணையும் எடுக்காமல் நின்றாள். அவன் கொண்டுவந்த ஒயர்ச் சுருளே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பழைய ஒயரா?"

"பழசுதாங்கா. ஆனா முழுசும் செம்பு. இப்ப கடையில விக்கறது ஊத்த ஒயரு. நம்ம ஊரு உப்புக் காத்துக்கு ஒரு மழை தாங்காது."

"புதுசு வாங்கியாரச் சொன்னா வாங்கியாந்திருப்பாரே."

"இதான் நல்லதுக்கா" என்றான். சுருளைப் பிரிக்க ஆரம்பித்தான்.

இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே மேசையில் ஆம்ப்ளிபையரை வைத்தான். இரண்டு பெட்டியையும் சுவரின் இரண்டு மூலைக்கு நகர்த்தினான். ஆம்ப்ளிபையரின் முதுகில் ஒரு பெட்டிக்கு இரண்டு திருகு, இன்னொன்றுக்கு இரண்டு. சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. பெட்டிகளின் முதுகிலும் அப்படியே. ஒயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்து, செம்பு இழைகளை முறுக்கி, ஒரு இழைகூடப் பக்கத்துத் திருகைத் தொடாமல் பார்த்துப் பார்த்து மாட்டினான்.

அதுவரை சரி. அதற்குப் பிறகு செய்ததுதான் அவளைக் கதவிடுக்கை விட்டு ஒரு அடி முன்னால் வரவைத்தது. சட்டைப் பையிலிருந்து சிவப்பு நூல் ஒன்றை எடுத்தான். இரண்டு வெள்ளை ஒயரில் ஒன்றுக்கு மட்டும் நுனியில் சுற்றி முடிச்சுப் போட்டான். அப்போது அவன் உதடு முணுமுணுத்தது. அந்த ஒயரின் மறுநுனிக்கும் போய் அதேபோல முடிச்சு, அதேபோல முணுமுணுப்பு. அடுத்த பெட்டிக்கும் அப்படியே. பிறகு ஒரு தைல டப்பாவைத் திறந்து, ஏதோ பிசுபிசுப்பை விரலில் எடுத்துத் திருகுகளின் மேல் தடவினான்.

"அது இன்னாது?"

"வேசலினுக்கா. உப்பு ஏறாது."

வேசலின் என்றால் வேசலின் டப்பாவில் அல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

மரியதாஸைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினான். "அண்ணே, சுவிச்சுப் போடறதுக்கு முன்ன இந்த வால்யூம் திருகு அடியில இருக்கணும். போட்ட பெறகு மெல்ல ஏத்துங்க. நிறுத்தும்போது மொதல்ல எறக்கிட்டு அப்புறம் சுவிச்சு. பாட்டு ஓடும்போது பின்னால ஒயர்ல கை வெக்கவே கூடாது."

"லாரிய நியூட்ரல்ல போட்டுட்டுச் சாவி திருப்பற மாதிரி."

"அதேதாண்ணே."

பாட்டு வந்தது. மாதா பாட்டு. பாடுகிறவர் இந்தப் பெட்டியிலும் இல்லை, அந்தப் பெட்டியிலும் இல்லை. நடுவில், திரு இருதயப் படத்துக்கு நேர் கீழே வந்து நின்று பாடினார். மத்தளம் தரையில் அதிர்ந்து அந்தோணியம்மாளின் உள்ளங்காலில் ஏறியது. நன்றாகத்தான் இருந்தது. அத்தனை நன்றாக இருந்ததே அவளுக்கு இன்னொரு சந்தேகமாகப் போயிற்று.

மறுவாரம் நாத்தனார் ஆனந்தம்மாள் வந்தாள். மரியதாஸுக்கு நேர் இளையவள். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, இது இன்னா கயிறு?"

"அவன்தான் கட்டினான்."

"உங்களுக்குத் தெரியாதா? அவன் வெள்ளிக்கெழம தவறாம கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குப் போறவன். பேய் பிடிச்சதுங்களக் கொண்டாந்து உடற எடம். அங்கருந்து மந்திரிச்சிக் கொண்டாந்திருப்பான். திரு இருதயத்துக்குக் கீழயே கட்டிட்டுப் போயிருக்கான் பாருங்க!"

"எதுக்குடி கட்டப்போறான்?"

"எதுக்குன்னு சொல்லிட்டா கட்டுவாங்க?"

அந்தோணியம்மாள் அந்த முடிச்சுகளை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தாள்.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள். ஈஸ்டர்வரையிலான தவக்காலத்தில் அந்த வீட்டில் பாட்டு கிடையாது, கறி கிடையாது. அவள் மாமியார் காலத்துச் சட்டம். மாதா கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணி போட்டு மூடுவதுபோல, அவளும் ஆம்ப்ளிபையரை மூட ஒரு ஊதாத் துணி எடுத்துவைத்திருந்தாள். வெறுமனே மூடினால் மரியதாஸ் துணியைத் தூக்கிவிட்டுப் பாட்டுக் கேட்பார் என்று தெரியும். அதனால் ஒயர்களையே கழற்றி அரிசித் தகரத்தில் போட்டுப் பூட்டிவிடுவது என்று முடிவுசெய்தாள். மரியதாஸ் முடி வெட்டப் போயிருந்தார். திருகுகளைக் கழற்றும்போதே அந்தச் சிவப்பு முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். இடது கையால்தான் எடுத்தாள். ஒரு வெற்றிலையில் வைத்து மடித்துக்கொண்டுபோய்க் கழுவெளி ஏரித் தண்ணீரில் எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து, வீடு பூராவும் தீர்த்தம் தெளித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவள் சிலுவைப் பாதை செபத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் பாவாடை வந்துபோனான். அவள் அறியவில்லை. அறிந்தவள் ஆனந்தம்மாள். கால் வலி என்று கோயிலுக்குப் போகாமல் வாசலில் நின்றவள், அவன் சைக்கிள் கேரியரில் ஸ்பீக்கர் படம் போட்ட பெரிய அட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்தாள். அதை உடனே சொன்னாளா என்றால் இல்லை. வைத்திருந்தாள்.

ஈஸ்டர் அன்று காலைப் பூசை முடிந்து வந்ததும் மரியதாஸ் அரிசித் தகரத்தைத் திறக்கச் சொன்னார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பெட்டியின் பின்னால் மண்டியிட்டார்.

"ஏம்மே, ரெண்டும் வெள்ளையா இருக்குது. இதுல ஏதோ அடையாளம் வெச்சானே அவன்?"

"எனக்கு இன்னா தெரியும்? ரெண்டும் ஒயருதான. எதுல மாட்டினா இன்னா?"

அவர் மாட்டினார். சுவிட்சைப் போட்டு, சொல்லிக்கொடுத்தபடி மெல்ல ஏற்றினார். பாட்டு வந்தது. ஆனால் பாடுகிறவரைக் காணோம். நடுவில் நின்றவர் எங்கேயோ வீட்டுக்குப் பின்னால் கிணற்றுக்குள் இறங்கிப்போய்ப் பாடினார். மத்தளம் தகரம் தட்டுவதுபோல வற்றிக் கிடந்தது. ஒரு பக்கப் பெட்டியை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் கேட்டால் ஒழுங்காகப் பாடியது. இரண்டையும் சேர்த்தால் பாட்டு செத்துப்போனது.

"இன்னாமே இது, நல்ல நாள் அதுவுமா" என்றார் மரியதாஸ்.

பலகாரம் கொண்டுவந்த ஆனந்தம்மாள் கேட்டுவிட்டுத் தட்டை வைத்தாள். இத்தனை நாள் வைத்திருந்ததையும் வைத்தாள்.

"அண்ணி, நீங்க சிலுவைப் பாதைக்குப் போயிருந்தப்ப அவன் பொட்டியோட போனான். என் கண்ணால பாத்தேன். நல்லதத் தூக்கிட்டு டூப்ளிகேட் வெச்சிட்டான்!"

அந்தோணியம்மாள் எழுந்து, விக்டர் பத்திரப்படுத்தச் சொன்னவற்றை ஏற்றிவைத்திருந்த பரணைப் பார்த்தாள். அட்டைப் பெட்டிகளில் ஒன்றைக் காணோம். மரியதாஸ் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பலகாரத்தில் ஒன்றை எடுத்து வாயை அடைத்துக்கொண்டார். அதை அவள் கவனித்தாள். ஆனால் அவள் சந்தேகமெல்லாம் வேறு ஆள் மேல் இருந்ததால், இதைப் பசி என்று எடுத்துக்கொண்டாள்.

சாவு வீட்டுக் கிழவியின் பேச்சு அவள் காதில் மறுபடி ஒலித்தது. "அன்னிக்கே சொன்னாங்க" என்றாள். அவள் அவ்வளவுதான் சொன்னாள். மீதியை ஆனந்தம்மாள் பார்த்துக்கொண்டாள். சாயந்திரத்துக்குள் கோயில் தெரு முழுக்கப் போயிற்று. பெரிய முதலியார்சாவடியில் ஒரு புது வீட்டுக்குப் பாவாடை ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டம்மாவுக்கு இந்தத் தெருவில் அக்கா. பாதி வேலையில் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு மூன்று நாளில் பாவாடை வந்தான். கூப்பிடாமலே வந்தான். கூட அவன் மனைவி யுவராணியும் வந்தாள். அவன் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான், அவள்தான் பேசினாள்.

"எங்க ஊட்டுக்காரரத் திருடன்னு சொன்னீங்களாமே?"

"நான் அப்படிச் சொல்லல" என்றாள் அந்தோணியம்மாள்.

"பின்ன எப்படிச் சொன்னீங்க?"

சத்தம் கேட்டு ஆனந்தம்மாள் தலையை முடிந்துகொண்டே வந்து சேர்ந்தாள்.

பாவாடை கண்ணைத் துடைத்துக்கொண்டான். அது அழுகையா, உப்பளத்து நீரா என்று அந்தோணியம்மாளுக்குத் தெரியவில்லை. "அக்கா, மூட்ட தூக்கறவன் வாசல்ல நின்னு பொழச்சிக்குவான். என் வேல அப்படியில்ல. படுக்கற ரூமு வரைக்கும் உள்ள உடணும். பேரு போச்சின்னா யாரு உடுவாங்க? இந்தக் கண்ண வெச்சிக்கினு திரும்ப உப்புலயா எறங்க முடியும்? பொட்டியக் காட்டுங்க. டூப்ளிகேட்டா இருந்தா நானே போலீசுக்குப் போறேன்."

"பின்னால விக்டர் பேரு எழுதியிருக்குதே" என்றார் மரியதாஸ், மெதுவாக.

"பேரு வெளிய இருக்கும். உள்ள மாத்தியிருந்தா?" என்றாள் ஆனந்தம்மாள்.

பாவாடை உள்ளே வந்தான். வால்யூமைக் குறைத்துச் சுவிட்சை அணைத்தான். பெட்டிகளின் முன்பக்கத்துக் கறுப்புத் துணிச் சட்டத்தை நகத்தால் நெம்பிக் கழற்றினான். அது கழலும் என்பதே அந்தோணியம்மாளுக்குத் தெரியாது. உள்ளே தட்டுபோல வட்டமாகக் கறுப்புக் காகிதம்.

"கடிகாரத்துல இருக்கிற பேட்டரி ஒண்ணு குடுங்கண்ணே."

ஆம்ப்ளிபையரில் சிவப்புத் திருகில் இருந்த ஒயரையும் கறுப்புத் திருகில் இருந்ததையும் கழற்றி, பேட்டரியின் தலையிலும் அடியிலும் தொட்டான். முதல் பெட்டியின் தட்டு டொக்கென்று முன்னால் தள்ளியது. இரண்டாவது பெட்டிக்கும் அப்படியே செய்தான். தட்டு பின்னால் இழுத்துக்கொண்டது. மறுபடி தொட்டான். மறுபடியும் உள்ளேதான் போனது.

"பாத்தீங்களா. ஒண்ணு மூச்சு உடும்போது ஒண்ணு மூச்சு இழுக்குது. இது தள்ளற காத்த அது முழுங்கிடுது. அப்புறம் அடி எங்க வரும்? பொட்டி உங்க பொட்டிதான். ஒயர மாத்தி மாட்டியிருக்கீங்க." நிமிர்ந்து பார்த்தான். "இது நடக்கக் கூடாதுன்னுதான செவப்புத் திருகுல போறதுக்கெல்லாம் செவப்பு நூல் கட்டினேன். நூல் எங்கக்கா?"

அந்தோணியம்மாள் ஊதாத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"மந்திரிச்ச கயித்த ஊட்டுக்குள்ள வெச்சிக்க முடியுமா?" என்று ஆனந்தம்மாள்தான் எடுத்துக்கொடுத்தாள்.

யுவராணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மந்திரிச்சதா? அது நான் ரவிக்க தெக்கற நூலு! கண்டுலருந்து கேக்காம உருவிக்கினு போயிட்டாருன்னு அன்னிக்கு நான் போட்ட சண்ட எங்க தெருவுக்கே தெரியும்."

"கட்டும்போது முணுமுணுத்தானே" என்றாள் அந்தோணியம்மாள். அது அவள் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"லெப்ட்டு பிளஸ், ரைட்டு பிளஸ்னு சொல்லிக்குவேங்கா. இல்லன்னா எனக்கே மாறிப்பூடும்."

ஆனந்தம்மாள் விடவில்லை. "அட்டப் பொட்டி? அத சைக்கிள்ல வெச்சிக் கொண்டுபோனது பொய்யா?"

பாவாடை மரியதாஸைப் பார்த்தான். யுவராணியும் பார்த்தாள். பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

"நான்தான் குடுத்தேன்" என்றார் மரியதாஸ். "அவங்க ஊட்டுக் கோழி அடைகாக்கறதுக்குக் கேட்டான்."

"அத சொல்றதுக்கு இன்னா? ஈஸ்டர் அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள் அந்தோணியம்மாள்.

"சும்மா குடுக்கலியே." தரையைப் பார்த்தார். "யுவராணி தூக்குல கோழிக் கொழம்பு வெச்சிக் குடுத்து உட்டிருந்துது."

"தவக்காலத்துலயா? வெள்ளிக்கெழமையா?"

"நான் சிலுவைப் பாதையில முட்டி போட்டுக்கினு இருந்தப்ப நீ கோழியத் தின்னுக்கினு இருந்தியான்னு கேளுங்க அண்ணி" என்ற ஆனந்தம்மாள், தான் கோயிலுக்குப் போகாமல் வாசலில் நின்றது நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

யுவராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவாடை சிரிக்கவில்லை. "அக்கா, உங்களுக்கு என் நூல் மேல நம்பிக்க இல்லன்னா உங்க நூலே குடுங்க. அந்த ஊதாத் துணியில ஒண்ணு உருவிக் குடுங்க."

அவள் ஓரத்தைப் பிரித்து உருவிக் கொடுத்தாள். அவன் கட்டினான். இந்த முறை வாயைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, லெப்ட்டு பிளஸ், ரைட்டு பிளஸ் என்று சொல்லிக்கொண்டே கட்டினான். பாட்டைப் போட்டான். பாடுகிறவர் கிணற்றிலிருந்து ஏறிவந்து படத்துக்குக் கீழே நின்றார்.

"கோயில்ல சொல்லிடுங்கக்கா" என்றான். கொடுத்த டீயைக் குடிக்கவில்லை. போகும்போது கீழே கிடந்த செம்பு இழைகளைப் பொறுக்கப் போய், கையை இழுத்துக்கொண்டான். அதை அந்தோணியம்மாள் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பெண்கள் கூட்டம் கலைவதற்குள், கோயில் வாசலில் நின்று அவள் சொன்னாள். முக்காட்டை இறக்கிவிட்டு, உரக்கத்தான் சொன்னாள். "பொட்டி எங்க பொட்டிதான். ஒயர நாங்கதான் மாத்தி மாட்டிட்டோம். நூல அறுத்தது நான். அவன் பேர்ல ஒரு தப்பும் இல்ல." நூல் என்ன நூல் என்று யாருக்கும் புரியவில்லை. கேட்டுக்கொண்டார்கள், தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியில், பாவாடையை வர வேண்டாமென்ற பெரிய முதலியார்சாவடிக்காரியின் அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் வருகிறவர்களைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "பொண்டாட்டியோட வந்தானாமே. விஷயம் வெளிய வந்துடுச்சின்னு பழைய பொட்டியக் கொண்டாந்து வெச்சிட்டுப் போயிருப்பான். இது பாவம், நம்பிடுச்சி."

அந்தோணியம்மாள் கூப்பிட்டு நிறுத்தி, பேட்டரியை, தட்டை, மூச்சை எல்லாம் முதலிலிருந்து சொன்னாள். அவள் முகத்தை அந்தம்மா பார்த்த பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. கதவிடுக்கில் நின்று அவளே பார்த்தது.

அந்த மழைக்காலம்வரை பாவாடை பொறுத்துப் பார்த்தான். கூப்பிட்ட ஒன்றிரண்டு பேரும் வேலை முடியும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒருமுறை ஒரு வீட்டில் அவன் சட்டைப் பையைக் காட்டச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவன் அந்தத் தெருக்களில் நுழையவில்லை.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மரியதாஸ்தான் ஒயர் மாட்டுகிறார், ஊதா நூலைச் சிவப்புத் திருகில் வைத்து. ஒரு பெட்டி கொஞ்சம் கரகரக்கிறது. காட்ட வேறு ஆளைக் கூப்பிட அந்தோணியம்மாளுக்கு மனமில்லை; வருகிறவன் எப்படிப்பட்டவனோ.

ஊரை விட்டுப்போன பாவாடை இப்போது இடையஞ்சாவடியில் யுவராணியின் அண்ணன் வீட்டை ஒட்டிய ஓட்டு வீட்டில் இருக்கிறான்.